ஓடுகிற பெண்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம்

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஊருக்குப் போகவில்லை. அம்மா போனில் பிடித்துக்கொண்டாள். "பி.டி. டீச்சர் ஆகுறதுக்கு எதுக்குட்டி ரெண்டு வருசப் படிப்பு? அதுக்குப் பொங்கலுக்குக்கூட வரமாட்டியோ?" விளையாட்டு மேம்பாடும் பயிற்சியியலும், முதுகலை, இரண்டாம் ஆண்டு என்று முழுப் பெயரையும் மூச்சுவிடாமல் சொன்னேன். "அதத்தான நானும் சொல்லுதேன், பி.டி. டீச்சர்" என்றாள். இவளிடம் பேசி ஜெயிக்க முடியாது.

நான் படித்த பள்ளிக்கே களப்பயிற்சிக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. தங்குவது பெண்கள் விளையாட்டு விடுதியில். எனக்குப் பயிற்சி கொடுத்த அருள்தாஸ் சார்தான் இப்போதும் கோச். ஜூலையில் நான் வந்த அன்றே நீண்ட தூரம் ஓடும் பிள்ளைகளை என்னிடம் ஒப்படைத்துவிட்டார். "நீ ஓடுன ஓட்டத்த இவளுகளுக்குக் காட்டு, போதும்" என்றார். மைதானத்துச் சுவரில் மாநில ஜூனியர் சாதனை என்று என் பெயர் இன்னும் இருக்கிறது. தினமும் ஒரு தடவை பார்ப்பேன். யாரும் பார்க்காதபோதுதான்.

இன்று விடுதியில் ஐந்து பேர்தான். அதில் முப்பிடாதியும் ஒருத்தி. பதினோராம் வகுப்பு, மூவாயிரம் மீட்டர். அவள் வீடு அரை மணி நேரப் பஸ்தான், ஆனாலும் போகவில்லை. அவள் அம்மா சர்க்கரைப் பொங்கலைத் தூக்கில் கொடுத்து அனுப்பியிருந்தார். முப்பிடாதி ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, தூக்கைச் சின்னப் பிள்ளைகள் பக்கம் தள்ளினாள். நான் ஒன்றும் சொல்லாமலே செய்தாள். பெருமையாக இருந்தது.

ஜனவரி 16, வியாழன்

காலையில் டிராக்குக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டேன். கையெல்லாம் எரிச்சல். சுண்ணாம்பு வண்டியைத் தள்ளுகிற ஆளுக்கு மூன்று நாள் லீவாம். முதுகலைப் பட்டம் வாங்கப் போகிறவள் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன், நல்ல கதை.

முப்பிடாதி இன்று பத்து நிமிஷம் முப்பது விநாடி! ஜூலையில் பதினொன்றேகால் நிமிஷம் எடுத்தவள். ஸ்டாப்வாட்சை அருள்தாஸ் சாரிடம் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார். "இவ உன்னத் தாண்டிருவா போலிருக்கே" என்றார். வயிற்றில் லேசாக ஒரு எரிச்சல். அதுவும் சுண்ணாம்புதான் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஓட்டம் முடிந்ததும் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முழங்காலுக்குக் கீழே, உள்பக்கம், ஒரே இடத்தில் வலிக்கிறதாம். விரலால் தொட்டுக் காட்டினாள். "எல்லா ரன்னருக்கும் வாரதுதான்ட்டி. எலும்பு பழகுது" என்று ஐஸ் வைத்துக் கட்டிவிட்டேன்.

25ஆம் தேதி மாநிலத் தேர்வுப் போட்டி. அதில் முதல் இரண்டு இடம் வந்தால் சென்னை விடுதியில் இடம், படிப்பு, சாப்பாடு, எல்லாமும். அவளுக்கு இதைவிட்டால் அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும்.

ஜனவரி 19, ஞாயிறு

ரயிலில் எழுதுகிறேன். நாளை பல்கலைக்கழகத்தில் என் களப்பயிற்சி அறிக்கை. எல்லாரும் என்னத்தையாவது கொண்டுவரட்டும், என்னிடம் முப்பிடாதி இருக்கிறாள். எதிர் சீட்டு அம்மா முறுக்கு கொடுத்தார். வேண்டாம் என்றேன். "இப்படி ஒட்டிப்போய்க் கிடக்கியே தாயி" என்றார். ஊரில் இருக்கிற எல்லாருக்கும் என் உடம்பைப் பற்றி ஒரு கருத்து உண்டு.

ஜனவரி 20, திங்கள்

எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

என் முறை பதினொரு மணிக்கு வந்தது. கோகிலம் மேடம் முன்வரிசையில். விளையாட்டு மருத்துவம் எடுப்பவர், அதிகம் பேசமாட்டார். என் அறைத்தோழி நிலோஃபர் பின்னாலிருந்து கட்டைவிரல் தூக்கிக் காட்டினாள். அவள் ஹாக்கி கோல்கீப்பர், அவளுக்கு எதற்கும் பயம் கிடையாது. எனக்கும் பயமில்லை. படங்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். ஓட்ட நேரம் எப்படிக் குறைந்தது, எடை எப்படி ஐந்து கிலோ இறங்கியது, ராத்திரிச் சாப்பாட்டை எப்படி நிறுத்தினோம். கடைசியில், 'முன்னேற்றம்: உடம்பு பயிற்சிக்குத் தயாரானதற்கான அடையாளங்கள்' என்று ஒரு பக்கம். அதில் மூன்றாவது வரி, 'நான்கு மாதமாக மாதவிலக்கு இல்லை.'

பையன்கள் இருக்கிற வகுப்பில் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் அறிவியல்தானே என்று நிமிர்ந்து நின்று சொன்னேன்.

மேடம் புரொஜெக்டரை அணைக்கச் சொன்னார்.

"சுகிர்தா, அந்த மூணாவது வரியை மறுபடி சொல்லு."

சொன்னேன்.

"அதை எந்தத் தலைப்புக்குக் கீழே போட்டிருக்க?"

"முன்னேற்றம், மேடம்."

யாரோ இருமினார்கள். பையன்கள் எல்லாரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அது நல்ல அடையாளம்னு உனக்கு யார் சொன்னது?"

"எல்லாருக்கும் தெரியும், மேடம்."

"எல்லாருக்கும்னா?"

"ஓடுற பொண்ணுங்களுக்கு."

உண்மையிலேயே எல்லாருக்கும் தெரியும்! நான் பத்தாம் வகுப்பு வரும்போதே விடுதியில் சீனியர் அக்கா சொன்னது. தீட்டு நின்றுவிட்டால் உடம்பு டிரெயினிங்குக்கு வந்துவிட்டது என்று அர்த்தம், இனி டைம் இறங்கும். அந்த அக்காவுக்கு அவளுடைய சீனியர் சொன்னாள். நான் முப்பிடாதிக்குச் சொன்னேன். அவள் அக்டோபரில் வெட்கப்பட்டுக்கொண்டே வந்து, "அக்கா, எனக்கும் வரல" என்றபோது கட்டிப்பிடித்துக்கொண்டேன். பாவி, கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

மேடம் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். "ஓடுற அளவுக்குச் சாப்பாடு இல்லைன்னா உடம்பு ஒவ்வொரு வேலையா நிறுத்தும். முதல்ல நிறுத்துறது இதைத்தான். இது நின்னா எலும்புக்குக் காவல் இல்லை. பதினாறு வயசுல எலும்பு கெட்டியாகணும், அப்பப் போய் அது கரையுது. டைம் இறங்கும், உண்மைதான். கொஞ்ச நாளைக்கு. அப்புறம் ஒருநாள் எலும்பு விரிசல் விடும்." பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தப் பொண்ணுக்குக் கால்ல எங்கயாவது வலி இருக்கா?" என்று கேட்டார்.

என் கை தானாகவே என் முழங்காலுக்குக் கீழே போய்த் தொட்டுக் காட்டியது.

அதன் பிறகு மேடம் என்னை வெளியே கூட்டிப்போய், தனியாக இன்னொரு கேள்வியும் கேட்டார். அது என் சொந்த விஷயம், இங்கே எழுதத் தேவையில்லை.

அருள்தாஸ் சாருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. விடுதி போனுக்குப் போட்டேன், முப்பிடாதி எடுத்தாள். "ஓடாதே, வலிக்கிற காலை ஊன்றாதே" என்றேன். "ஏங்க்கா, நீங்கதான எலும்பு பழகுதுன்னீங்க?" என்றாள்.

ஜனவரி 21, செவ்வாய்

மேடம் ஒரு ஸ்கேன் எடுத்துவிட்டு வரச் சொன்னார். பாடத்துக்காகத்தான். எலும்பு அடர்த்தியை எப்படி அளக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டால் நல்லது என்றார்.

துணிகள் துவைத்தேன். நிலோஃபரின் கோல்கீப்பர் பேடையும் துவைத்தேன், நாற்றம் தாங்கவில்லை. "நீ எதுக்குடி என்னோடதைத் துவைக்கிற?" என்றாள். சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஜனவரி 22, புதன்

அறுபது வயது.

சரி, எழுதிவிடுகிறேன். படத்தைப் பார்த்த டாக்டர், பெயரையும் வயதையும் மறைத்துவிட்டுக் காட்டினால் அறுபது வயது அம்மாவின் எலும்பு என்றுதான் சொல்வேன் என்றார். எனக்கு இருபத்திரண்டு. "இதுக்கு முன்னாடி எலும்பு ஏதாவது முறிஞ்சிருக்கா?" என்றார். பதினெட்டு வயதில் பாதம். பத்தொன்பதில் இடுப்புக்கிட்ட. "எப்படி? விழுந்தீங்களா?" என்றார்.

விழவில்லை. ஓடிக்கொண்டிருந்தேன். சும்மா ஓடிக்கொண்டிருந்தேன், உள்ளே டக்கென்றது. இத்தனை வருஷமாக அதை நேரம் சரியில்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓட்டத்தை நானாக விட்டேன், கோச்சிங்தான் எனக்குப் பிடிக்கும் என்றும் சொல்லியிருக்கிறேன். இந்த நோட்டிலேயே எங்கேயாவது அப்படி எழுதியிருப்பேன்.

நிலோஃபரிடம் சொன்னேன். எதற்கும் பயப்படாதவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "உனக்கு எத்தனை வருஷமா இல்லை?" என்றாள். ஐந்து வருஷத்தில் நாலைந்து தடவை வந்திருக்கும் என்றேன். "லூசு! லூசு! பக்கத்துக் கட்டில்ல ஒரு வருஷம் படுத்திருக்கேன், என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல!" என்று முதுகில் அடித்தாள். அடித்துவிட்டு உடனே கையை எடுத்துக்கொண்டாள். எலும்பு உடைந்துவிடும் என்று பயந்துவிட்டாள் போல. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

ஜனவரி 23, வியாழன்

ரயிலை விட்டு இறங்கி நேரே மைதானத்துக்குப் போனேன். முப்பிடாதி ஓடிக்கொண்டிருந்தாள்!

அருள்தாஸ் சாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். எந்த வார்த்தையில் சொல்வது? பதினோரு வயதிலிருந்து எனக்கு அவரைத் தெரியும், என் அப்பாவைவிட அவரோடுதான் அதிகம் பேசியிருக்கிறேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஒருநாளும் பேசியதில்லை. நான் சொல்லச் சொல்ல அவர் கொடிக்கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காது சிவந்துவிட்டது.

"இதெல்லாம் எங்கிட்ட எதுக்கும்மா சொல்லுத?"

"உங்ககிட்டச் சொல்லாமலே இருந்துதான் சார் இவ்வளவும் ஆச்சு."

"வயித்து வலின்னு வந்து எவளாவது கேட்டா ரெஸ்ட் குடுப்பேன். இவ ஒருநாளும் கேட்டதில்லயே. திடமான பிள்ளைன்னுல்லா நெனச்சேன்."

"நானும் கேட்டதில்ல சார்."

அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. இதுதான் எனக்குத் தாங்கவில்லை. சாருக்குத் தெரியும், சாருக்குச் சம்மதம் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அக்காமார்கள் சொன்னது, அதற்கு முந்தின அக்காமார்கள் சொன்னது, எல்லாமே விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து எங்களுக்குள் நாங்களே பேசிக்கொண்டது!

அப்புறம் சார் மெதுவாகச் சொன்னார். "இன்னும் ரெண்டே நாளு. இந்த ஒரு ரேஸ் ஓடிரட்டும். சீட்டு கெடச்சிட்டா அங்க பெரிய டாக்டர்லாம் இருக்காங்க, பாத்துக்கிடுவாங்க. அவ வாழ்க்கைம்மா."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஜனவரி 24, வெள்ளி

முப்பிடாதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் ஸ்கேனைத் தவிர. வலி அறவே போய்விட்டது என்று சத்தியம் செய்தாள். நானும் அந்த வயதில் இப்படித்தான் சத்தியம் செய்வேன்.

ஜனவரி 25, சனி

சின்தெடிக் டிராக். நல்ல வெயில். மூவாயிரம் மீட்டர் பெண்களுக்கு ஒன்பதே முக்கால் மணிக்குக் கூப்பிடுவதாக மைக்கில் சொன்னார்கள்.

வார்ம்-அப் முடிந்ததும், "வலிக்கிற காலில் மூன்று தடவை நொண்டியடி, பார்க்கிறேன்" என்றேன். கோகிலம் மேடம் சொல்லிக்கொடுத்த சோதனை. எலும்பில் விரிசல் இருந்தால் நொண்டியடிக்க முடியாது. முப்பிடாதி சிரித்துக்கொண்டே ஒரு தடவை குதித்தாள். சிரிப்பு அப்படியே முகத்தில் இருந்தது, ஆனால் உதடு வெளுத்துப்போனது. "ஒண்ணுமில்லக்கா" என்றாள். "இன்னொரு தடவை" என்றேன். அவள் நல்ல காலில் குதித்தாள். எனக்குத் தெரியாது என்று நினைத்தாள் போல, பைத்தியக்காரி.

அவள் நெஞ்சிலிருந்து எண் அட்டையைக் கழற்றினேன். நான்கு ஊக்கு. மூன்றாவது ஊக்கைக் கழற்றும்போது என் கையைத் தட்டிவிட்டாள்.

"நீங்க ஓடிப் பேரு வாங்கிட்டீங்க. எம் பேரு வந்திரக் கூடாது, அதான?"

"ஏட்டி, அப்படி இல்லட்டி."

"நீங்க சொன்ன மாதிரிதான எல்லாம் செஞ்சேன்? சோத்தத் தள்ளி வைன்னீங்க, வச்சேன். வலியப் பாக்காதன்னீங்க, பாக்கல. இப்ப எல்லாஞ் சரியா வார நேரத்துல நீங்களே வந்து நிக்கீங்க!"

சுற்றி இருந்த பிள்ளைகள் எல்லாரும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது அருள்தாஸ் சார் வந்தார். அவர் என் கையிலிருந்து அட்டையை வாங்கினார். திரும்பக் குத்திவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். முப்பிடாதியும் அப்படி நினைத்து நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். அவர் அட்டையை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பஸ் பக்கம் நடந்துவிட்டார்.

வென்ற பெண்ணின் நேரம் பத்து நிமிஷம் நாற்பது. முப்பிடாதி அதைவிட வேகம். அதை அவளும் கேட்டாள்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம். மிட்டாய். முப்பிடாதி என்னோடு பேசவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

முப்பிடாதிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழ் எலும்பில் பாதி வரைக்கும் விரிசல். ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். "தாங்கியிருக்கலாம். முதல் ரவுண்டுலயே ரெண்டா ஒடிஞ்சும் இருக்கலாம். எனக்கு ஜோசியம் தெரியாதும்மா" என்றார் டாக்டர். நான் செய்தது முழுசாகச் சரி என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று இருந்தது.

முப்பிடாதியின் அம்மா பீடி சுற்றுகிறவர். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தார், விரலெல்லாம் புகையிலை வாசம். நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னையே பார்த்தார்.

"வீட்டுக்கு வந்தாலும் ராத்திரி சாப்புட மாட்டா. கேட்டா, அம்மனுக்கு நேந்திருக்கேன் அப்டிம்பா. சாமி பேரு வச்ச பிள்ளைல்லா, அதான் பக்தி வந்திருக்குன்னு நானும் சந்தோசமா இருந்தேன். அக்கம்பக்கமெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்." அப்புறம், "அவ பட்டினி கெடந்தது ஒனக்காகவாம்மா?" என்றார்.



பிப்ரவரி 3, திங்கள்

முப்பிடாதி கட்டுப்போட்ட காலோடு விடுதிக்கு வந்துவிட்டாள். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

காலையில் விடுதிச் சமையல்கார அக்கா என்னைக் கூப்பிட்டு, "ராத்திரிக்கு உலை அரிசியக் குறைச்சிரட்டுமா? தீவாளிலேருந்து பாதிச் சோறு மிஞ்சுது, மாட்டுக்குத்தான் போவுது" என்றார். "ஏன் மிஞ்சுது, முப்பிடாதி ஒருத்திதானே சாப்பிடுவதில்லை" என்றேன். "ஒருத்தியா? நல்லாருக்கே! சின்னதுகள்ல முக்காவாசி சாப்புடறதில்லம்மா. கேட்டா சுகிர்தாக்கா டயட்டுங்குதுவோ."

நான் முப்பிடாதி ஒருத்திக்குத்தான் சொன்னேன். வேறு யாருக்கும் சொல்லவே இல்லை!

சாயங்காலப் பயிற்சியை நிறுத்திவிட்டு எல்லாரையும் மைதானத்தில் உட்கார வைத்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து இருக்கிறார்கள். அருள்தாஸ் சாரும் வந்தார். இந்த மாதிரிப் பேச்சு நடக்கும்போது எப்போதும் நகர்ந்து போய்விடுகிறவர், இன்று ஓரமாக ஒரு செங்கல்லைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முப்பிடாதி தள்ளி, பெஞ்சில், கால் நீட்டி.

மறைக்காமல் சொன்னேன். பதினேழு வயதில் எனக்கு நின்றுபோனது, இப்போது என் எலும்புக்கு அறுபது வயது. ஸ்கேன் படத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொருத்தியாக வாங்கிப் பார்த்தார்கள். சிலர் மூக்கை உறிஞ்சினார்கள். அப்பாடா, புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கையைத் தூக்கினாள். கெட்டிக்காரி, எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள்.

"அக்கா, நீங்க ஸ்டேட் ரெக்கார்டு ஓடுனது அது நிக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். சுவரில் வருஷம் எழுதியிருக்கிறது, அதுகளுக்குக் கணக்குப் போடத் தெரியும்.

"பின்னாடி" என்றேன்.

பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஐயோ, அந்தப் பார்வை! எனக்குத் தெரியும் அது. சீனியர் அக்கா சொன்ன அன்று நானும் பக்கத்தில் இருந்தவளும் அப்படித்தான் பார்த்துக்கொண்டோம். அறுபது வயது எலும்பு என்றது எங்கேயோ போய்விட்டது. சுவரில் பெயர் வருமா, வராதா என்பது ஒன்றுதான் அத்தனை முகத்திலும் இருந்தது. சார் என்னைப் பார்த்தார், நான் சாரைப் பார்த்தேன்.

"பதில முழுசாச் சொல்லுங்கக்கா."

முப்பிடாதி. பெஞ்சிலிருந்து. பத்து நாளாக என்னோடு பேசாதவள். இப்போதும் முகத்தை எனக்குக் காட்டவில்லை, டிராக்கைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அதுக்கு அடுத்த வருசம் எப்படி ஓடுனீங்க? இவளுகளுக்குச் சொல்லுங்க."

"அடுத்த வருசம் பாதம் ஒடிஞ்சுது" என்றேன். "அதுக்கு அடுத்த வருசம் இடுப்பு. அதுக்கப்புறம் நான் ஓடவே இல்ல."

"ஒரு ரேசுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல."

சாப்பாட்டு மணி அடித்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுந்து, பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். சாப்பாட்டுக் கூடத்தின் பக்கம் போகிறாளா, அறைப் பக்கம் போகிறாளா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். சாரும் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குமே தெரியவில்லை, நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.